"வருமா?" என்று கேட்ட அண்ணி

பிள்ளைகளே, உப்புச் சாடி நனைந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகு எனக்கு நினைவிருக்கும் முதல் வாக்குவாதம் அதுதான்.

ஐப்பசி மழை. கொல்லைப்புறச் சாய்ப்பு ஒழுகி, கல்லுப்புச் சாடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார். சாடி நிறையத் தண்ணீர் நின்றது.

"போச்சு" என்றார்.

எங்கள் அண்ணனுக்கு உலகத்தில் அந்த ஒரு சொல் போதும். மாடு இருமினால் போச்சு. வானம் கறுத்தால் போச்சு, கறுக்காவிட்டாலும் போச்சு. திருவாரூர் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டதுமே, "போச்சு, பஸ்ஸு போச்சு" என்பார். அந்த பஸ் அப்போதுதான் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

அண்ணி சாடிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கங்க போச்சு? இதுக்குள்ளதான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. வருமான்னு கேட்டுப் பாப்போம்."

வாயகன்ற சட்டியில் அந்தத் தண்ணீரை ஊற்றி அடுப்பேற்றினார். தண்ணீர் கொதித்து, வற்றி, ஓரமெல்லாம் வெள்ளை கட்டியது. மறுநாள் வெயிலில் வைத்தார். காய்ந்ததும் கரண்டியால் சுரண்டினால் உப்பு! பழைய கல் கல்லாக இல்லை, மாவு மாதிரி இருந்தது. ஆனாலும் உப்பு உப்புதான். அண்ணி ஒரு சிட்டிகை எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார்.

அண்ணன் நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விறகு போச்சு."

உங்கள் அறிவியல் புத்தகத்தில் மீள் மாற்றம், மீளா மாற்றம் என்று ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் அதைச் சத்தம் போட்டுப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணி ஞாபகம்தான். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. அண்ணியிடம் இருந்தது ஒரே கேள்வி. "வருமா?" கரைந்தது, உருகியது, உடைந்தது, எரிந்தது, எதைக் கண்டாலும் முதலில் அதைக் கேட்பார். என்னிடமோ அண்ணனிடமோ இல்லை, அந்தப் பொருளிடமே கேட்பார். சீர்காழிப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இப்படித்தானோ என்று அப்போது நினைத்துக்கொள்வேன். பிறகு அண்ணியின் தங்கைகள் வந்தார்கள். அவர்கள் அப்படி இல்லை.

களிமண்ணில் அடுப்புப் போட்டார் ஒருமுறை. ஈரம் காய்வதற்குள் கன்றுக்குட்டி மிதித்துவிட்டது. அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அண்ணி உடைந்ததைப் பொடித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மறுபடியும் அடுப்பாக்கிவிட்டார். அந்த உற்சாகத்தில், கை தவறி விழுந்து உடைந்த மண்பானை ஒன்றையும் விடவில்லை. ஓடுகளை இடித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையும் மாலையும் கையை விட்டுப் பிசைந்து பார்ப்பார். ஓடு ஓடாகவே இருந்தது.

"என்ன அண்ணி சொல்லுது?" என்று நான் கேலி செய்வேன்.

"வரமாட்டேங்குது தம்பி. சூளைக்குள்ள போயிட்டு வந்திருச்சுல்ல, பெரிய மனுசன் ஆயிடுச்சு. இனிமே நம்ம பேச்சு எடுபடாது."

அதற்காக அவர் முகம் வாடியதில்லை. பெரிய ஓட்டுத் துண்டுகளைத் தெருப் பிள்ளைகளிடம் பாண்டி விளையாடச் சில்லுகளாகக் கொடுத்தார். பொடியைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டார். நெய் உறைந்தால் வெயிலில் வைப்பார், உருகிவிடும். பால் திரிந்தால் வெல்லம் போட்டுக் கிளறுவார். "பாலா வரமாட்டேன்னுச்சு. சரி, இனிப்பா வர்றியான்னு கேட்டேன், ஒத்துக்கிச்சு" என்பார். வேண்டாம் என்று சொல்கிற பொருளிடமும் அவருக்குக் கோபம் கிடையாது.

கொடி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அண்ணியைச் சொன்னதாகாது.

அப்போது எங்கள் பக்கம் நிலத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம். பெரிய பண்ணைகளை வைத்திருந்தவர்களை மிராசுதார் என்போம். அவர்களுக்கும் கூலிக்கு நடவு நடுகிறவர்களுக்கும் ஒரு சண்டை, குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் இன்னொரு சண்டை. நாங்கள் குத்தகைக்காரர்கள். நாலு மா நிலம், அதாவது ஒரு ஏக்கரைக் கொஞ்சம் தாண்டும். ஒருநாள் கூலிக்காரர்களும் குத்தகைக்காரர்களும் சேர்ந்து ஊர்வலம் போவதென்று முடிவாயிற்று. பிடித்துக்கொண்டு போகச் சிவப்புக் கொடி வேண்டும். கூத்தாநல்லூர் போய்த் துணி வாங்கி வர நேரமில்லை. நடவுப் பெண்களுக்குத் தலைவியான அஞ்சலை எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க வூட்டுல செவப்புத் துணி இருக்கா?"

"செவப்பு இல்ல, வெள்ள இருக்கு. செவப்பாக்கிடலாம், வா."

அண்ணனின் பழைய வேட்டியில் பாதி போயிற்று. மஞ்சளைக் கரைத்து, அதில் சுண்ணாம்பைப் போட்டார் அண்ணி. ஆரத்தி கரைப்போமே, அதேதான். மஞ்சள் நீர் கண்ணெதிரே சிவந்தது. வேட்டியை முக்கி எடுத்துக் காயப்போட்டால், நல்ல குங்குமச் சிவப்புக் கொடி.

ஊர்வலம் பாதி தூரம் நன்றாகத்தான் போயிற்று. வழியில் யாரோ புண்ணியவான் எலுமிச்சம்பழம் பிழிந்து பானகம் கொடுத்தார். குடித்த கையோடு ஆளாளுக்குக் கொடியை வாங்கிப் பிடித்தார்கள். பிடித்த இடமெல்லாம் மஞ்சள்! ஐந்து விரலும் பதிந்து, மஞ்சள் மஞ்சளாகக் கைகள். பார்த்தவர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். மிராசுதாரின் காரியஸ்தர் சாலையோரம் குடையோடு நின்றிருந்தார். மழையானாலும் வெயிலானாலும் அவர் கையில் அந்தக் கறுப்புக் குடை இருக்கும்.

"கொடியே நெறம் மாறுது. ஆளு நிப்பானா?" என்று அவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அஞ்சலைக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கொடியை மோந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழம்! பயப்படாத. வரும், வரும். வெத்தல போடுறவங்க யாரு? சுண்ணாம்பு டப்பாவ எடுங்க!"

பெரியவர்கள் மடியிலிருந்து டப்பாக்கள் வந்தன. அண்ணி சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து மஞ்சள் கைகளின் மேல் தடவினார். ஒவ்வொரு கையாகச் சிவந்து மறைந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. காரியஸ்தர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த ஊர்வலத்தில் என்ன கோஷம் போட்டோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. சுண்ணாம்பு டப்பாக்கள் மறக்கவில்லை.

இப்படி எதைக் கொடுத்தாலும் திருப்பிவிடுகிறவர் என்று பெயர் வாங்கிய அண்ணியின் கையாலேயே, அந்த வருஷம் குறுவை, அதாவது குறுகிய காலப் பயிர், போடுகிற நேரத்தில் ஒரு காரியம் நடந்தது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதென்று சட்டம் வந்திருந்தது. ஆனால் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு நிற்காது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. எங்கள் நாலு மா மேல் காரியஸ்தருக்கு வெகு நாளாகக் கண். எப்போது பார்த்தாலும், "என்னப்பா, இந்த போகம் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு போகம் தவறினால் நிலம் கைவிட்டுப் போகும். அண்ணன் எதற்கெடுத்தாலும் போச்சு என்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மேட்டூர் அணை திறந்தாயிற்று. ஆனால் எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரவில்லை. வழக்கமாக விதை நெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்காலில்தான் போடுவோம். ஊறிய பிறகு எடுத்து, வைக்கோல் மூடி முளை கட்டுவோம். அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரை இறைத்து, வீட்டு அண்டாவிலேயே ஊறப்போட்டார் அண்ணன். அதே சாயங்காலம் அண்ணி, சாப்பாட்டுக்குப் புழுங்கலரிசி வேண்டுமென்று, இன்னொரு அண்டாவில் சம்பா நெல்லைக் கொட்டிக் கொதிநீர் ஊற்றி வைத்தார். புழுங்கலுக்கும் நெல்லை ஊறவைத்துத்தான் அவிப்பார்கள். ஆக, கொல்லையில் பக்கம் பக்கமாக இரண்டு அண்டா. இரண்டிலும் நெல், இரண்டிலும் தண்ணீர். அடையாளத்துக்கு அண்ணன் விதை அண்டாவின் மேல் ஒரு வேப்பங்கொத்து வைத்தார்.

விடிகிற நேரம். அண்ணி எழுந்து கொல்லைக்கு வந்தார். பல் துலக்கக் குச்சி வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் வேப்பங்கொத்து. எடுத்து, ஒடித்து, வாயில் வைத்துக்கொண்டார். துலக்கிக்கொண்டே விறகு எடுத்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், அடுப்பு மூட்டினார். பிறகு நெல்லை அள்ளி அவிக்கிற அண்டாவில் போட்டார். எந்த அண்டாவிலிருந்து அள்ளினார் என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நானும் அண்ணனும் முளை கட்ட வைக்கோல் தூக்கிக்கொண்டு வந்தோம். அடுப்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நெல் அவிகிற வாசனை. அண்ணன் நெல் மிச்சமிருந்த அண்டாவைப் பார்த்தார்.

"இந்தா, வெத அண்டா மேல வேப்பங்கொத்து வச்சிருந்தேனே, எங்க?"

அண்ணி வாயிலிருந்து குச்சியை எடுத்து அதைப் பார்த்தார். கொத்திலிருந்த இலைகள் அவர் காலடியில் கிடந்தன.

அண்ணன் ஓடிப்போய் அடுப்பு அண்டாவின் சாக்கை விலக்கினார். நெல் வாய் பிளந்து வெடித்திருந்தது. எல்லா விதையும் அதற்குள்தான்.

நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாடு இருமினாலே சொல்கிற மனிதர், அன்றைக்கு அந்தச் சொல் கிடைக்காமல் நின்றார்.

சொன்னது அண்ணி. "போச்சுங்க."

அவர் வாயால் நான் அதைக் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

விலைக்கு வாங்கலாமே என்பீர்கள். அந்த வாரம் ஊரில் எல்லார் வீட்டு விதையும் ஊறிக்கொண்டிருந்தது. உலர்ந்த விதை யாரிடமும் மிச்சமில்லை. விதை டிப்போவில் தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு அண்டாவில் இருந்த சம்பா நீண்ட காலப் பயிர், குறுவைக்கு ஆகாது. அது போக, அதன் தலையிலும் கொதிநீர் ஊற்றியாயிற்று.

இரண்டு நாள் அண்ணி முகம் வாடி, தொழுவத்துப் பக்கமே போய்ப் போய் வந்தார். மூன்றாம் நாள் காலையில் கொல்லைப் பக்கம் போனேன். தொழுவத்து ஓரத்தில் உட்கார்ந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியில் இரண்டு சின்ன முடிச்சு. ஒன்றில் அவித்த விதை. இன்னொன்றில் கொதிநீரில் ஊறிய சம்பா. இரண்டிலும் ஒரு வெள்ளை முனைகூட இல்லை. லேசாகப் புளித்த வாடை.

"என்ன அண்ணி இது? அவிச்ச நெல்லு மொளைக்குமா?"

"மொளைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. யாராச்சும் அதுகிட்ட கேட்டாங்களா? கேட்டுப் பாத்தேன் தம்பி. வரலன்னுடுச்சு." துணியை உதறி முடிச்சுகளைக் கோழிக்குப் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, முகம் பழைய முகமாக இருந்தது. "சரி, நெல்லு வராது. வயலு வருமான்னு கேக்கணும். அத நான் இன்னும் கேக்கலயே!"

நேரே அஞ்சலை வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"அஞ்சல, நீங்க நடாத வயலு இந்த ஊருல உண்டா?"

"ஏது? ஊரு சேறு பூராவும் எங்க காலுக்குத் தெரியும். ஏன்க்கா?"

"நட்டு முடிச்சதும் நாத்து மிஞ்சுமா?"

"மிஞ்சாம? நாலு முடி, அஞ்சு முடி மிஞ்சும். வரப்புல போட்டுட்டுப் போவோம். மாடு திங்கும்."

"இந்த வருசம் மாட்டுக்கு வேணாம். எனக்குக் குடு."

அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். விதை அவிந்த சேதி அவளுக்கு முன்பே தெரியும். ஊருக்கே தெரியும். காரியஸ்தர் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம், "வெதையப் பொங்கித் தின்ன குடும்பம்" என்று.

"எங்க கொடிய மஞ்சளாக்கிப்புட்டீங்க. இப்ப ஒங்க வயல நாங்க பச்சையாக்கணுமாக்கும்?"

"நான்தான் திருப்பிச் செவப்பாக்கிட்டேனேடி!"

"அதுக்காவத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள்.

தண்ணீர் வந்தது. ஊரே நாற்று விட்டது. எங்கள் வயல் மட்டும் உழுது, சேறு கலக்கி, ஒன்றுமில்லாமல் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நாங்கள் வீட்டில் அவித்த விதையைக் குத்திச் சோறாக்கித் தின்றுகொண்டிருந்தோம். நடவு தொடங்கியதும் சாயங்காலம்தோறும் நடவுப் பெண்கள் தலையில் இரண்டு மூன்று முடியோடு, அதாவது நாற்றுக்கட்டோடு, எங்கள் வரப்பில் வந்து நிற்பார்கள். அந்தந்த வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் எடுத்து வந்தார்கள். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. சிலர் மிஞ்சாத இடத்திலும் மிஞ்ச வைத்தார்கள். அந்தச் சாயங்கால வெளிச்சத்திலேயே அண்ணியும் அவர்களோடு இறங்கி நட்டுவிடுவார். நான் முடி வீசுவேன். அண்ணன் மடை பார்ப்பார்.

என்ன ஆயிற்றென்றால், ஒவ்வொரு வீட்டு நாற்றும் ஒவ்வொரு ரகம். ஒரு பக்கம் குட்டையான புது ரகம், அதை ஒட்டி உயரமான பழைய ரகம், மூலையில் சிவப்பு அரிசி தரும் பூங்கார். ஒன்று கரும்பச்சை, ஒன்று வெளிர்பச்சை. மேட்டில் நின்று பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வையை விரித்த மாதிரி இருந்தது.

கடைசித் துண்டு நட்டுக்கொண்டிருந்தபோது வரப்பில் கறுப்புக் குடை தெரிந்தது. தரிசைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். கூட இரண்டு ஆட்கள் வேறு, சாட்சிக்கு. வந்தவர் நின்றுவிட்டார்.

"என்னப்பா இது? வயலா, கதம்பமா?"

பெண்கள் குனிந்தபடி நட்டுக்கொண்டே இருந்தார்கள். நாற்று நடுகிற 'சளக் சளக்' சத்தம் மட்டும் கேட்டது. அவர் குனிந்து ஒரு முடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நம்ம பண்ண நாத்து மாதிரில்ல இருக்கு?"

அஞ்சலை நிமிராமலே சொன்னாள்: "மாட்டுக்குன்னு ஒதுக்கினதுங்கய்யா. நீங்கதான சொன்னீங்க, கெடந்துட்டுப் போவுது போன்னு."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காரியஸ்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வெதைய அவிச்சுட்டீங்கன்னாங்களே. குறுவை போச்சுன்னுல்ல நெனச்சேன்?"

அண்ணன் மடையில் மண்வெட்டியோடு நின்றார். கணுக்கால்வரை சேறு. காரியஸ்தரைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், அப்புறம் அண்ணியைப் பார்த்தார்.

"எங்கங்க போச்சு?" என்றார்.

அண்ணி கையில் நாற்றோடு அப்படியே நிமிர்ந்தார். தன் சொல் இன்னொருவர் வாயிலிருந்து வருவதை அதுவரை அவர் கேட்டதில்லை. அஞ்சலை அண்ணியின் விலாவில் ஒரு இடி இடித்தாள். அவ்வளவுதான், வயலே சிரித்தது. குடை வந்த வழியே திரும்பிப் போயிற்று. நிலம் எங்களிடம் நின்றது.

அறுப்பு ஒரு கூத்து. ஒரு துண்டு பழுத்து நிற்கும், பக்கத்துத் துண்டில் அப்போதுதான் பால் பிடித்திருக்கும். துண்டு துண்டாக அறுத்தும் களத்தில் எல்லாம் கலந்துவிட்டது. அந்த அரிசியில் சோறு வடித்தால் பாதி குழையும், பாதி விறைத்துக்கொண்டு நிற்கும். இடையிடையே பூங்காரின் சிவப்பு. அண்ணி முறத்தை வைத்துக்கொண்டு சிவப்பைத் தனியே பொறுக்க உட்கார்ந்தார். "கலந்ததுதான? பிரிச்சா வரும்" என்றார். உச்சிவேளை வரை பொறுக்கிவிட்டு முறத்தைத் தள்ளி வைத்தார்.

"வருதா அண்ணி?"

"வருது தம்பி. வராம என்ன? என் ஆயுசுதான் பத்தாது."

ஒரு விஷயம் மட்டும் அண்ணியால் ஆகவில்லை. வரப்பில் காரியஸ்தருக்குப் பதில் சொன்ன நாளிலிருந்து அண்ணன் வாயில் அந்தப் பழைய சொல் வரவே இல்லை. பஸ் நிஜமாகவே போய்விட்டாலும், "அடுத்தது வரும்" என்று கல்லில் உட்கார்ந்துவிடுவார். அண்ணிக்கு முதலில் பெருமை. அப்புறம் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவர் போச்சு என்றால்தானே இவர் எங்கே என்று கேட்க முடியும்?

ஒருநாள் வேண்டுமென்றே தோசையைக் கருகவிட்டு அண்ணன் தட்டில் போட்டார். நானும் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் புரட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கரி. சட்னியைத் தொட்டுக்கொண்டு தின்ன ஆரம்பித்தார்.

"ஏங்க, ஒண்ணும் சொல்லத் தோணலயா?"

"என்ன சொல்றது?"

"முன்னெல்லாம் சொல்லுவீங்களே. ஒரே ஒரு தடவ சொல்லுங்களேன், கேப்போம்."

அண்ணன் மென்று விழுங்கிவிட்டு, தட்டை நீட்டினார். "இன்னொண்ணு போடு."

அண்ணி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டுப் பாத்துட்டேன் தம்பி. இது வராது."